பாண் என்னும் தமிழ்ச் சொல்

எங்கள் வீதி மூலையிலே அண்மையில் ஒரு பேக்கரி திறக்கப்பட்டது. பேக்கரி திறத்தல் பத்திரிகையில் எழுதுதற்குரிய பெருஞ்செய்தியன்று. ஒரு தமிழாசிரியன் எடுத்துப் பேசுதற்குரிய பொருளும் அன்றென்று சிலர் கருதக்கூடும். இலக்கணமும் இலக்கியமும் போதிப்பவனுக்குப் பாணிலும் பணிசிலும் என்ன வேலை என்பது அன்னோர் வினா. சொல் வழங்கும் இடமெல்லாம் தமிழாசிரியனுக்கு வேலையுள்ள இடமே என்பது என் விடை. மேடையில் வழங்கும் சொல் அலங்கரித்துக்கொண்டு வருவது; அடுக்களையிலும் அங்காடியிலும் வழங்கும் சொல்லோ உள்ளது உள்ளவாறே வருவது. ஒரு மொழியின் நாடியைப் பிடித்துப் பார்க்க விரும்புவோன் பின்னதையே நாட வேண்டும். ஆதலாற் பேக்கரிக்குப் போனேன்.

கடையை நடத்துபவர் முப்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஓர் இளைஞர். பாரிசு மாநகரிலே பல ஆண்டுகள் இத்தொழிலைச் செய்து, கைவரப் பெற்று, ஊர் திரும்பியவர். கடை வெகு துப்புரவாக இருந்தது. கண்ணாடிப் பேழைகளிலே பண்டங்கள் நிரல்பட அடுக்கப்பட்டிருந்தன. வெண்ணெயும் மாவும் ஒருங்கே வேகும் மணம் வீதியிற் செல்வோரை மறித்து நிறுத்திற்று. வாசலின் மேலே பெரியதொரு பெயர்ப்பலகை. உரோமன் எழுத்திலே பிரெஞ்சுப் பெயர் ஒன்று. அதன் கீழ் ஆங்கில விளக்கம். அதற்கும் கீழே எறும்பு ஊர்ந்தாற்போன்ற சிறிய தமிழெழுத்திலே அப்பிரெஞ்சுப் பெயரின் ஒலிபெயர்ப்பு. பாண் என்ற சொல்லைப் பலகையிலே தேடினேன், இல்லை. பண்டங்களின் முன்னே நிறுத்தியிருந்த விலைச்சீட்டுக்களிலே தேடினேன்; அங்கும் இல்லை.

"தம்பி, பாண் இல்லையோ?" என்று கேட்டேன்.

"இருக்குது ஐயா. இதெல்லாம் பாண்தான். ஆனால் பாண் எண்டு எழுதினால் ஆக்கள் மதிக்க மாட்டினம், விலையையும் குறைக்கச் சொல்லுவினம்" என்றார் அவர்.

விடை நேர்மையானது. வாங்குவோரின் மனத்தை அறிந்து பேசும் வணிகரிடம் குறை காண நான் வரவில்லை. அவர் சொன்னது உண்மையாயின் குறை எம்முடையது. பாண் என்று எழுதினால் மதிப்புக் குறையும் என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது? அந்த எண்ணத்தையே இங்கு ஆராய விரும்புகிறேன்.

முதலிற் சுவையைச் சொல்லிவிடுகிறேன். சுவை சொல்லாது சொல்லாராய்ச்சி மட்டும் சொல்வது விருந்துக்கு அழைத்து இலையை மட்டும் விரிப்பது போலாகும். நான் மரக்கறி உணவினன். முட்டை சேராதவை எவை என்று முன்னரே கேட்டுக்கொண்டேன். இளைஞர் பொறுமையாகப் பிரித்துக் காட்டினார். நீண்ட பாண் ஒன்றை முதலில் எடுத்துத் தந்தார். முழத்துக்கு மேற்பட்ட நீளம். மா, நீர், உப்பு, மதுவம் என்னும் நான்கே அதன் கூட்டு. மதுவம் என்பது பாடநூல் வழங்கும் சொல். பேக்கரியார் ஈஸ்ற் என்பர். மரபுவழிப் பாண் என்ற பெயரிலே விற்பதாயிற் பதப்படுத்தும் கூட்டுப்பொருள் எதனையும் சேர்த்தலாகாது என்று பிரான்சு நாட்டில் 1993 ஆம் ஆண்டிலே அரசாணை பிறந்ததாம். பிய்த்தபோது மேற்றோல் நொறுங்கி ஓசையிட்டது. உள்ளே மெத்தென்ற வெண்மை. நெடுநேரம் புளிக்கவிட்ட மாவின் இளம்புளிப்பு நாவின் ஓரத்தே நின்றது. கள்விட்டுப் புளிக்கவைத்துச் சுட்ட அப்பத்தை அறிந்த நாவுக்கு அது அந்நியமான சுவையன்று.

அடுத்தது பிறை வடிவான ஒன்று. மாவிலே வெண்ணெயை வைத்து மும்மடியாக மடித்து, குளிரவிட்டு, மறுபடி உருட்டி மடித்து, இவ்வாறு மும்முறை செய்வார்களாம். மூன்றை மூன்றாற் பெருக்கி, வந்ததை மீண்டும் மூன்றாற் பெருக்கினால் 27. நட்சத்திரங்களின் தொகை அது. வாயிலிட்டபோது 27 படையும் ஒன்றன்பின் ஒன்றாகக் கரைந்தன என்று சொன்னால் உயர்வுநவிற்சி ஆகும். கரைந்தது மட்டும் உண்மை. முட்டைக்குப் பதிலாகப் பால் பூசிச் சுட்டது என்று சொல்லித் தந்தமையால் ஐயமின்றி உண்டேன்.

மூன்றாவதாக எங்கள் ஊர்ப் பண்டமாகிய மரக்கறிப் பற்றீஸ். உருளைக்கிழங்கும் லீக்சும் மிளகும் சேர்ந்த உள்ளீடு. ஆயினும் மேலுறை பிரெஞ்சு முறையிலே படைபடையாக மடித்துச் சுட்டது. இரு நாட்டுக் கைவினை ஒரு கைப்பிடிக்குள் அடங்கியிருந்தது. பேழையிலிருந்த ஏனையவற்றில் முட்டை சேர்ந்திருந்தமையாற் கண்ணளவோடு நிறுத்திக்கொண்டேன்.

உண்டபின் அவ்விளைஞரிடம் பிரெஞ்சுப் பெயர்களின் பொருளைக் கேட்டேன். அவர் சொன்ன விடை நான் உண்டவை அனைத்தினும் சுவையாக இருந்தது. நீண்ட பாணின் பெயர் பகெற். பகெற் என்றாற் கோல். பிறை வடிவானதன் பெயர் அவர்கள் மொழியிற் பிறை என்றே பொருள்படும். நீளமாய் மேலே சொக்கலேற் பூசியிருந்ததன் பெயர் எக்ளேர். அதற்குப் பொருள் மின்னல். படைபடையாய் இடையே பாலேடு வைத்த மற்றொன்றின் பெயருக்கு ஆயிரம் இலை என்று பொருள். அதற்கு வேண்டிய மாவை மும்மடியாக ஆறுமுறை மடிப்பது வழக்கம் என்றார். கணக்கிட்டுப் பார்த்தேன்: 729 படை. ஆயிரம் என்றது மிகைதான். ஆயினும் வெகுதூரமான மிகையன்று. இலையைக் குறிக்கும் அச்சொல்லே அவர்களுக்குத் தாளையும் குறிக்குமாம். ஓலையே ஏடாகிய எமது வழக்கை எண்ணி மகிழ்ந்தேன்.

இங்கே வாசகர்கள் சற்று நின்று நோக்க வேண்டும். உலகமெங்கும் நாகரிகத்தின் அடையாளமாக மதிக்கப்படும் பெயர்கள் இவை. எம்மவர் நாவைச் சுழற்றி ஒலிக்கப் பயிலும் பெயர்களும் இவையே. இவற்றின் உள்ளே இருப்பவை எவை? கோல், பிறை, மின்னல், இலை. கண்ணாற் கண்ட வடிவத்தைத் தமக்குத் தெரிந்த எளிய சொல்லாலே அந்நாட்டு மக்கள் அழைத்தார்கள். கோல் என்று அழைத்ததனாற் பாணின் மதிப்புக் குறையும் என்று அவர்கள் நாணவில்லை. அவர்கள் நாணாதபடியாற் சொல்லுக்கு மதிப்பு வந்தது. 2022 ஆம் ஆண்டு நவம்பரிலே அந்தப் பகெற்றை ஆக்கும் கைவினையையும் அதனைச் சூழ்ந்த வாழ்க்கை வழக்கையும் யுனெஸ்கோ நிறுவனம் மனித குலத்தின் மரபுச் செல்வங்களுள் ஒன்றாகப் பதிவு செய்தது.

நான் கடையில் நின்றபோதே ஒரு தாயும் ஐந்து வயதுப் பெண் குழந்தையும் உள்ளே வந்தனர். குழந்தை பிறை வடிவான பண்டத்தைக் கண்டது. இரு முனையும் வளைந்து நிற்கும் தோற்றம் அதற்கு வேறொன்றை நினைவூட்டிற்றுப் போலும். "அம்மா, எனக்கு நண்டுப் பணிஸ்!" என்று துள்ளிற்று. தாய் அக்கம்பக்கம் பார்த்தார். "நண்டு எண்டு சொல்லக் கூடாது. வடிவாச் சொல்லு" என்று கடிந்து, அப்பிரெஞ்சுப் பெயரை மும்முறை சொல்லிக் கொடுத்தார். குழந்தை சொல்ல முயன்று, முடியாமல், வாய் மூடிற்று.

அக்குழந்தை செய்தது யாது? பிரெஞ்சுக்காரர் செய்ததையே அது செய்தது. வானத்துப் பிறையை அவர்கள் கண்டார்கள். கடற்கரை நண்டை அது கண்டது. பெயரிடும் ஆற்றல் மொழியின் உயிராற்றல். அந்த ஆற்றல் ஒரு குழந்தையிடத்தே முளைவிட்ட கணத்திலே நாணம் என்னும் காலால் அதனை மிதித்தோம். சிங்கள மக்கள் நீண்டு சீனி தூவிய ஒரு பணிசைக் கிம்புலா பணிஸ் என்பர். கிம்புலா என்றால் முதலை. நாடெங்கும் அப்பெயரே வழங்குகிறது. முதலை என்று சொல்வதால் எவரும் உண்ணாது விடவில்லை. முதலைக்கு இடமுண்டானால் நண்டுக்கும் இடமுண்டு.

இனிப் பாண் என்ற சொல்லின் வரலாற்றைப் பார்ப்போம். போர்த்துக்கேய மொழியிலே அப்பண்டத்தின் பெயர் மூக்கொலியில் முடியும் ஓரசைச் சொல். எம்மவர் அம்மூக்கொலியை ணகர ஒற்றாக ஏற்றுப் பாண் என்றனர். போர்த்துக்கேயர் யாழ்ப்பாணத்தை நேரே ஆண்ட காலம் 1619 முதல் 1658 வரை. நாற்பது ஆண்டும் நிறையாது. அவர்களுடைய ஆணைகளை இன்று நினைப்பார் இல்லை. அவர்கள் அடுக்களையில் விட்டுச்சென்ற சொற்களோ அழியவில்லை. பாணைச் சுடும் போறணை அவர்கள் சொல்லிலிருந்து வந்தது. குசினியும் அவ்வாறே. பாணை வைக்கும் மேசை, இருந்து உண்ணும் கதிரை, பாத்திரம் வைக்கும் அலுமாரி, கை துடைக்கும் துவாய், வாசலிற் கழற்றிவிடும் சப்பாத்து யாவும் அம்மொழி வழியே வந்து எம் வீட்டுப் பிள்ளைகள் ஆனவை. அவர்க்குப் பின் வந்த ஒல்லாந்தர் கந்தோரைத் தந்தனர். கடைக்குச் சென்று நாம் கேட்கும் ஒரு இறாத்தல் பாணையே பாருங்கள். இறாத்தல் என்பது அராபிய நிறைப்பெயரின் வழி வந்தது. பாண் போர்த்துக்கல் தந்தது. ஒன்று என்னும் எண் எமது. மூன்று மொழிகள் ஒரு தொடரிலே கூடியிருக்கின்றன. அரசாங்கம் இன்று பாணின் நிறையை 450 கிராம் என்று விதித்திருக்கிறது. மக்கள் வாயில் அது இன்னும் ஒரு இறாத்தலே.

பண்டித வகுப்பிற் பாடங்கேட்கும் மாணவர்க்கு இச்சொல்லால் ஒரு வேடிக்கையும் நேர்வதுண்டு. பழந்தமிழிலே பாண் என்றாற் பாணர்குடியையும் அவர்தம் பாட்டையும் குறிக்கும். ஆற்றுப்படை நூல்களைத் தொடங்கும் நாளில் வகுப்பின் பின்வரிசையிலே ஒரு சிரிப்பொலி எழாதிருப்பதில்லை. யாழ்வல்ல பாணன் ஒருவன் மணற்றிடரைப் பரிசிலாகப் பெற்றமையால் யாழ்ப்பாணம் என்ற பெயர் வந்ததென வைபவமாலை கூறும். யாழை இழந்தோம், பாணை விட்டோமில்லை என்று ஒரு மாணவன் சொன்னான். இரண்டு பாணும் வேறு வேறு சொல் என்று இலக்கணம் காட்டி விளக்கினேன். அவன் சொன்ன நயத்தை மறுக்கவில்லை.

வேற்றுமொழிச் சொல்லை ஏற்றல் தமிழுக்கு இழுக்கு என்பார் உளர். அவர்களுக்கு நான் சான்றாகக் காட்டுவது இலக்கண ஆசிரியர்களையே. தொல்காப்பியர் சொல்லை நால்வகையாக வகுத்தபோது இயற்சொல், திரிசொல் என்பவற்றோடு திசைச்சொல்லுக்கும் வடசொல்லுக்கும் இருக்கை கொடுத்தார். வடசொல்லை ஏற்கும்போது அதற்கேயுரிய எழுத்தை விலக்கித் தமிழெழுத்தாலே அமைத்துக்கொள்க என்று முறையும் வகுத்தார். நன்னூல் செய்த பவணந்தியார் திசைச்சொல்லின் எல்லையை மேலும் விரித்து, தமிழல்லாத பதினேழ் மொழிநிலங்களையும் அதனுள் அடக்கினார். உரைகளிற் காட்டப்படும் அந்நிலங்களின் வரிசையிலே சிங்களமும் சீனமும் சாவகமும் உள. பழமை நீங்குதலும் புதுமை புகுதலும் காலத்தின் இயல்பேயன்றிக் குற்றமாகா என்ற விதியும் அவருடையதே. எம் முன்னோர் வாயிலை அடைக்கவில்லை. வாயிலிலே ஒரு காவலனை நிறுத்தினர். ஒலியை எமதாக்கிக்கொண்டு உள்ளே வருக என்பதே அக்காவலன் இட்ட நிபந்தனை.

கம்பர் அந்நிபந்தனையை எவ்வாறு நிறைவேற்றினார் என்பதை மாணவர் அறிவர். லக்ஷ்மணன் இலக்குவன் ஆனான். விபீஷணன் வீடணன் ஆனான். கல்வியிற் பெரியவர் ஏட்டிலே செய்த அத்தொழிலை எழுத்தறியாத எம் பாட்டிமார் அடுப்படியிலே செய்தனர். போறணை என்ற சொல்லிலே அயலொலி ஏதேனும் தங்கியிருக்கிறதா? குசினி என்ற சொல்லை எந்தத் தமிழ் நா ஒலிக்கத் தடுமாறும்? பாணை, பாணுக்கு, பாணின் என்று வேற்றுமையுருபு ஏற்பதிலே ஏதேனும் இடர்ப்பாடு உண்டா? தூணும் நாணும் எவ்வாறு உருபேற்கின்றனவோ அவ்வாறே பாணும் ஏற்கின்றது.

பேக்கரிப் பண்டங்களிலே இதைவிட வியப்பான மாற்றமும் உண்டு. ஆங்கிலத்திலே பன் என்பது ஒருமை. பன்ஸ் என்பது பன்மை. எம்மவர் பன்மையையே எடுத்து, நடுவே ஓர் இகரத்தை வைத்துப் பணிஸ் என்று நாவுக்கு இசைவாக்கினர். அதன்பின் ஒரு பணிஸ் என்று ஒருமையாக வழங்கினர். பற்றீசும் றோல்சும் அவ்வாறே: ஒரு பற்றீஸ், இரண்டு றோல்ஸ். ஆங்கிலேயரின் பன்மை விகுதி எம்மிடம் வந்து தன் உத்தியோகத்தை இழந்து, சொல்லின் உறுப்பாக அடங்கிவிட்டது. பணிசுகள் என்று நாம் மீண்டும் பன்மை ஆக்கும்போது அது வாய் திறப்பதில்லை. ஆள வந்த மொழியின் விகுதியை இவ்வாறு அடக்கிய திறம் ஒரு பண்டிதருடையதன்று. தேநீர்க்கடை வாங்கில் இருந்து உண்ட பொதுமக்களுடையது.

இத்தகைய சொற்களுக்கு இன்று இருபுறத்திலிருந்தும் நெருக்கடி. ஒருபுறம் ஆங்கில மோகம். வீட்டிலே பாண் என்று கேட்ட பிள்ளையைப் பிரெட் என்று சொல்லத் திருத்துகின்றோம். மறுபுறம் முறைபிறழ்ந்த தூய்மை. அண்மையில் ஒரு மாணவியின் கட்டுரை ஏடு என் கைக்கு வந்தது. காலையில் நாங்கள் பாணும் சம்பலும் உண்டோம் என்று அவள் எழுதியிருந்தாள். திருத்திய ஆசிரியர் பாண் என்பதைச் சிவப்பு மையால் வெட்டி, அதன் மேல் ரொட்டி என்று எழுதியிருந்தார். தமிழகத்து நூல்களிலே அப்பண்டம் ரொட்டி எனப்படுதல் உண்மையே. ஆனால் ஈழத்தில் ரொட்டி என்பது வேறு பண்டம். மாவுடன் தேங்காய்ப்பூச் சேர்த்துத் தட்டிக் கல்லிலே சுடுவது. அந்தப் பிள்ளை உண்ணாத ஒன்றை உண்டதாக எழுதும்படி செய்துவிட்டோம். இதிலே மற்றொரு விந்தையும் உண்டு. அயற்சொல் என்று பாணை வெட்டியவர் அதன் இடத்தில் வைத்த ரொட்டியும் வடக்கேயிருந்து வந்த அயற்சொல்லே. ஓர் அயலானை வெளியேற்றி இன்னோர் அயலானைக் குடிவைத்ததன்றித் தமிழுக்கு இதனால் ஆன நன்மை யாது?

தன் வாழ்வில் உள்ளதைத் தன் சொல்லால் எழுதிய பிள்ளைக்குச் சிவப்பு மை விழுந்தால், அடுத்த கட்டுரையில் அவள் தன் வாழ்வை எழுதமாட்டாள். ஆசிரியர் விரும்பும் ஒரு வாழ்வைப் புனைந்து எழுதுவாள். அவ்வாறு எழுதப் பழகிய தலைமுறையிடம் உண்மையான இலக்கியத்தை எதிர்பார்த்தல் வீண். ஒரு சொல்லை வெட்டும் பேனை சிலவேளை ஓர் எழுத்தாளனின் வேரையே வெட்டிவிடுகிறது.

புதுச்சொல் ஆக்கத்தை நான் வெறுப்பவன் என்று வாசகர்கள் எண்ணுதல் வேண்டா. வெதுப்பகம் என்ற சொல் எனக்கு உவப்பானது. வெதும்பு என்ற தன்வினையும் வெதுப்பு என்ற பிறவினையும் எமது பழைய சொற்கள். வெதுவெதுப்பு இன்றும் வாய்மொழியில் உண்டு. வேர் உள்ள இடத்தில் முளைத்த சொல்லாதலால் அது அழகாக நின்றது. 1990களிலே வடபகுதிக் கடைகளின் பெயர்ப்பலகைகளில் அச்சொல்லைக் கண்டு பழகியவன் நான். அக்காலத்துப் பொருளாதாரத் தடையால் மாவும் மண்ணெண்ணெயும் அரிதாயின. 1990 ஆம் ஆண்டோடு மின்சாரமும் நின்றது. செங்கல்லாற் கட்டிய விறகுப் போறணைகள் அப்போது கைகொடுத்தன. மா கிடைத்த நாளிற் பாண் வெந்தது. கிடைக்காத நாளிற் போறணை குளிர்ந்து கிடந்தது. வெளியே வெதுப்பகம் என்ற பலகை. உள்ளே போறணையிற் பாண். ஆக்கிய சொல்லும் ஏற்ற சொல்லும் ஒரே கூரையின் கீழ்ச் சண்டையின்றி வாழ்ந்தன. வெதுப்பகத்திற் பாண் வாங்கினேன் என்ற வாக்கியம் என் செவிக்கு முழுமையான தமிழ் வாக்கியமே.

இத்தகைய நினைவுகள் பலவற்றை அச்சொல் சுமந்து நிற்கிறது. 1970களில் மாத் தட்டுப்பாடு நேர்ந்தபோது விடியுமுன் எழுந்து பாணுக்கு வரிசையில் நின்ற கதையை வீட்டுப் பெரியோர் சொல்லக் கேட்டு வளர்ந்தோம். 2022 இலே நாடு கடனில் மூழ்கியபோது மாவுக்கும் எரிவாயுவுக்கும் முடை உண்டாகிப் பேக்கரிகள் பல மூடப்பட்டதைக் கண்ணாற் கண்டோம். பாணின் விலையே அந்நாட்களில் வீடுதோறும் பேச்சாயிற்று. பசித்தபோது எம்மக்கள் வாயில் எழுந்த சொல் பாண். பசி தீர்ந்து சற்று வசதி வந்ததும் அச்சொல்லை வாசலில் நிறுத்திவிடுதல் நன்றியுடைமை ஆகாது.

அப்படியானாற் கடைப்பலகையிலுள்ள பிரெஞ்சுச் சொற்களையும் இவ்வாறே ஏற்றால் என்ன என்று ஒருவர் கேட்கலாம். நல்ல வினா. சொல்லை ஏற்பதற்கு நான் காணும் அளவைகள் எளியன. எம்மிடம் அப்பொருளுக்கு முன்னரே சொல் இருத்தலாகாது. வந்த சொல் எம் நாவுக்கு வளைந்து கொடுக்க வேண்டும். எழுத்தறியாத ஒருவர் அதனை அயற்சொல் என்று அறியாமலே வழங்க வேண்டும். பாண் இம்மூன்றிலும் தேறியது. பணிசும் பற்றீசும் தேறிக்கொண்டிருக்கின்றன. கடைவாசலில் உள்ள பிரெஞ்சுப் பெயரை மக்கள் தம் வாயிற் போட்டு மென்று ஒருநாள் தமதாக்கினால் அதனையும் தடுக்க நான் யார்? மென்று விழுங்குதல் வேறு. மென்றுபார்க்கவும் அஞ்சி நாணி நிற்றல் வேறு. எனது வழக்கு அந்த நாணத்தின் மேலேயே தொடரப்பட்டது.

நாணத்துக்குக் காரணம் சொல்லில் மட்டும் இல்லை. தொழிலைப் பற்றிய எண்ணத்திலும் உண்டு. பாண் போடுபவன் என்று ஒருவரை நாம் சொல்லும் தொனியைச் சற்றுக் காதுகொடுத்துக் கேளுங்கள். கந்தோரில் எழுதுபவரைச் சொல்லும் தொனி அதில் இராது. நள்ளிரவில் எழுந்து மா குழைத்து, அதன் புளிப்பையும் பொங்குதலையும் கையாலே அறிந்து, வெப்பமானியின்றிப் போறணையின் சூட்டை முகத்தாலே உணர்ந்து, விடியுமுன் ஊரின் பசிக்கு விடை செய்யும் தொழில் அது. இத்தொழிலோருக்கு எமது இலக்கியத்தில் உரிய இடம் இருந்தது. அப்பம் முதலிய பண்ணியங்கள் செய்து விற்போரைக் கூவியர் என்பர் பழந்தமிழ்ப் புலவர். பெரும்பாணாற்றுப்படையிலும் மதுரைக்காஞ்சியிலும் அவர்களைக் காணலாம். இளங்கோவடிகள் புகார் நகரத்து வீதியை வருணிக்கும் இடத்திலே பிட்டு விற்கும் காழியரையும் அப்பம் விற்கும் கூவியரையும் விடாது எண்ணிச் சொல்கிறார். காவியத்தின் வாயிலிலே அவர்களை நிறுத்திய மொழி இது. இன்று பண்டங்களை முச்சக்கர வண்டியிலேற்றி, யேர்மானிய இசைமேதை பீதோவன் 1810 அளவில் ஆக்கிய மெட்டொன்றை ஒலித்துக்கொண்டு ஒழுங்கை ஒழுங்கையாக வருகின்ற சூன் பாண்காரரும் அக்கூவியர் மரபினரே என்பேன்.

2023 ஆம் ஆண்டிலே நிகழ்ந்த ஒன்றையும் நினைவூட்டுகிறேன். பாரிசு நகரத்திலே ஆண்டுதோறும் சிறந்த பகெற்றுக்கு ஒரு போட்டி நடைபெறுகிறது. அவ்வாண்டு முதற்பரிசைப் பெற்றவர் இலங்கைத் தமிழரான தர்ஷன் செல்வராஜா. வென்றவர் பிரெஞ்சுச் சனாதிபதி மாளிகைக்கு ஓராண்டு பாண் வழங்கும் பேற்றையும் பெறுவது அங்குள்ள வழக்கம். செய்தி வந்தபோது எம்மவர் யாவரும் பெருமைப்பட்டோம். பெருமைப்பட்டது தகும். ஆயின் அந்தப் பெருமையிலும் ஒரு முரண் இருந்தது. பாரிசிலே பாண் போட்டால் அது கலை. எமது வீதியிலே பாண் போட்டால் அது கடைத்தொழில் என்று எண்ணும் மனம் அப்பெருமைக்கு உரிமை கோரலாமா? மாவும் நீரும் உப்பும் மதுவமும் இரண்டிடத்தும் ஒன்றே. கையும் ஒரே மரபின் கை. வேறுபட்டது நாம் பார்க்கும் பார்வை.

கோதுமை எமது மண்ணில் விளையாதது. அரிசிமாப் பிட்டும் இடியப்பமும் இருக்கப் பாண் எதற்கு என்று வாதிடுவோரும் உளர். உணவு பற்றிய அவ்வாதத்தில் நியாயம் உண்டு. நாள்தோறும் வெண்பாண் உண்ணுமாறு நானும் எவருக்கும் உபதேசியேன். உண்பதா விடுவதா என்பதை அவரவர் உடலும் பணப்பையும் தீர்மானிக்கட்டும். உண்ணும்போது எப்பெயரால் அழைப்பது என்பதே ஆசிரியனாகிய என் கவலை.

ஆகவே ஆசிரிய நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள். பாண் என்று எழுதிய பிள்ளைக்குப் புள்ளி குறைக்காதீர்கள். போறணை, குசினி, கதிரை என்ற சொற்கள் கட்டுரையில் வந்தால் அவற்றின் வரலாற்றை வகுப்பிலே ஐந்து நிமிடம் சொல்லுங்கள். சொல்லாராய்ச்சியின் முதற்பாடம் அங்கே தொடங்கட்டும். புதிய பண்டம் ஒன்றைக் கண்டு பிள்ளை ஒரு பெயர் இட்டால் சிரித்து அடக்காதீர்கள். ஏன் அப்பெயர் என்று கேளுங்கள். பெற்றோரிடமும் ஒன்று சொல்வேன். பிள்ளைகள் பிரெஞ்சும் கற்கட்டும், ஆங்கிலமும் கற்கட்டும். கற்றபின் வீட்டுச் சொல்லை மறைக்கவேண்டிய தேவை இல்லை என்பதையும் சேர்த்துக் கற்பியுங்கள்.

வணிகர்களுக்கு நான் உபதேசம் செய்யப் போவதில்லை. அவர்கள் காது எம்மைக் காட்டிலும் கூரியது. கடைக்குச் செல்லும் நீங்கள் நாளை முதல் தாழ்ந்த குரலின்றித் தெளிவாகப் பாண் என்று கேளுங்கள். பத்துப்பேர் பத்து நாள் அவ்வாறு கேட்டாற் பதினோராம் நாள் அச்சொல் தானாகவே பலகையில் ஏறும்.